சீமாட்டியின் மஞ்சள் டப்பா

ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலு,

கையெழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே. கோழி கிளறியது போல இருந்தாலும் இது உன் அண்ணன் எழுதியதுதான். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில ஏறுகின்றன, சில இறங்குகின்றன. ‘ழ’ எழுதும்போது என் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. மன்னித்துக்கொள்.

யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைக்காதே. நானே எழுதுகிறேன். ஜனவரியில் கண் அறுவை ஆனதும் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இனி வண்டி ஓட்டக் கூடாது, கண்ணாடி போட்டால் சின்ன எழுத்தும் தெரியும் என்று. முதல் விஷயத்துக்கு ஒரு வாரம் அழுதேன். இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தேன். எழுத்து தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, எனக்கு எல்லாம் எறும்புக் கூட்டம்தானே?

பிறகு பிப்ரவரியில் நீ மலையிலிருந்து ஒரு கோபக் கடிதம் போட்டாய். நினைவிருக்கிறதா? உன் கடிதங்களை எனக்குப் படித்துச் சொல்வது முடிதிருத்தும் கடைக்காரர்தான். அன்று கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் ஒருவர் தாடையில் சோப்பைத் தடவிவிட்டு, உன் கடிதத்தைப் பிரித்து, வானொலியில் செய்தி வாசிப்பது போல வாசித்தார். “தவளையை வித்தது என் இஷ்டம். நீ என் வண்டிக்குத்தான் மெக்கானிக், எனக்கு இல்ல.” நாலு பேரும் சிரித்தார்கள். சோப்புக்காரர் கூடச் சிரித்தார்.

மறுநாளே தபால் நிலையத்துக்கு மேலே இருக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லித் தருகிறார். அறுபத்தொன்பது வயதில் நான்தான் மூத்த மாணவன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு முழுக் கடிதம் எழுத வந்த பிறகு சொல்லி உன்னை அசத்த வேண்டும் என்று ஆசை.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, பஸ் பலகை, சுவரில் பாதி கிழிந்த அறிவிப்பு. கண் ஆஸ்பத்திரிக் கதவில் ‘தள்ளவும்’ என்று எழுதியிருக்கிறது, தெரியுமா? இத்தனை நாள் அதை இழுத்து இழுத்து, கதவு பழுது என்று காவலாளியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

உன் பழைய வண்டி தவளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளை வாங்கிய பல் டாக்டர் நேற்று என் பட்டறை வழியாகப் போனார். அவர் மூன்றாவது கியருக்கு மேல் போடவே மாட்டார் போலிருக்கிறது. இரண்டே இருக்கை, தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. இருபது வருடம் நீ அவளை எப்படி ஓட்டினாய். இப்போது அவள் முனகுகிறாள். எனக்குச் சத்தம் கேட்டாலே தெரிகிறது.

உன் புது வண்டியைச் சீமாட்டி என்று நான் சொல்வது உனக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன சொல்வது? கடல் தாண்டி வந்தவள். டர்போ விசில் அடிக்கிறாள். நீ மிதித்தால் ஒரு மூச்சு யோசித்துவிட்டு, பிறகு முதுகில் குத்தியது போலப் பாய்கிறாள். கர்ப்பிணிகளைப் படுக்க வைத்துக் கீழே கொண்டுவரப் பின்சீட்டு வேண்டும் என்றாய். நியாயம்தான். ஆனாலும் தவளையை விற்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போகட்டும். ஜூலையில் நீ வந்தபோது பிரேக் ஆயில் முழுதும் மாற்றிக் கொடுத்தேனே, வண்டி எப்படி நிற்கிறது? அந்த மஞ்சள் டப்பாவைக் கழுவி அதில்தான் பென்சில்களைப் போட்டிருக்கிறேன்.

பதில் எழுது. இனி நானே படிப்பேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 7

அன்புள்ள அண்ணா,

தபால் ஜீப்காரர் உறையை நீட்டினதும் எந்த நோயாளியோ குழந்தையை விட்டு முகவரி எழுத வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. இந்தச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் அழுது யாரும் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

எத்தனை நாள் எடுத்தது இதை எழுத? தாளில் மூன்று இடத்தில் டீ வட்டம் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மறைத்திருக்கிறாய். கல்லுளிமங்கன்.

நீயே படிப்பாய் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். முடிதிருத்துபவர் காதுக்குப் போகக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு.

தவளையைப் பின்சீட்டுக்காக மட்டும் விற்கவில்லை. என் இடது கால் ஒரு வருடமாக முழங்காலுக்குக் கீழே மரத்துப் போகிறது. சில நாள் இருக்கிறதே தெரியாது. டிசம்பரில் ஒரு நாள் தவளையில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது வளைவில் கிளட்ச்சை மிதிக்கச் சொல்கிறேன், கால் மிதிக்கவில்லை. கீழே குனிந்து பார்த்தால் கால் பெடலுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன செருப்பு மாதிரி. எப்படியோ நிறுத்தினேன். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.

சீமாட்டிக்குக் கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று போதும். அதனால்தான் அவளை வாங்கினேன். அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் இடத்துக்கு வேறு ஆள் வரமாட்டார்கள். மூன்று வருடம் இந்த நிலையம் பூட்டிக் கிடந்தது உனக்குத் தெரியும். டாக்டரிடமும் போகவில்லை. அவர் என்ன சொல்வாரோ என்று பயம். இது உனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

வண்டி எப்படி என்று கேட்டாய். நல்லாத்தான் இருந்தாள். இரண்டு வாரமாகக் கொஞ்சம் கனக்கிறாள், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. இறக்கம் முடிந்து நின்றால் முன்சக்கரத்துப் பக்கம் ரப்பர் தீய்ந்த வாடை. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. சீமையிலிருந்து வந்தவளுக்கு நம் மலை ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

இங்கே மழை. பாறை சரிந்த இடத்தில் பஸ் திரும்ப முடியவில்லை, சின்ன வண்டிகளை மட்டும் விடுகிறார்கள். போன் கம்பியும் அறுந்து கிடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வருகிற தபால் ஜீப்தான் எங்களுக்கு உலகம். அணைக்கட்டுக் காவலாளியின் மனைவிக்கு நாள் நெருங்குகிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, திரும்பவில்லை. இங்கே வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது. இருபதாம் தேதி அவளைச் சீமாட்டியில் கீழே கொண்டுவருகிறேன். முதல் பிரசவம். பாவம், பத்தொன்பது வயது.

அடுத்த கடிதத்தில் டீ கொட்டாதே.

வாலு

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிப் பார்த்து, நல்ல தாளில் படி எடுத்திருக்கிறேன். எழுத்து ஒழுங்காக இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள்.

உன் காலைப் பற்றிப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கொஞ்ச நாளைக்குச் சீமாட்டியை எடுக்காதே. அந்த வண்டி மலைக்கு ஏற்றது அல்ல. வெளிநாட்டுச் சாலைகள் நேராக இருக்கும், அங்கே ஓட்டத் தயாரித்த வண்டி. டர்போ வேறு. அது சூடானால் எல்லாம் சூடாகும். நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்.

வண்டியை நிறுத்தியதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பார். தொட வேண்டாம், பக்கத்தில் கொண்டு போனால் போதும். சூடு எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று எழுது. பெடல் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறதா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதா என்றும் எழுது. இதை அவசியம் எழுது.

அந்தப் பெண்ணைக் கொண்டுவர வேறு வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா? தபால் ஜீப்பில் ஆள் ஏற்றமாட்டார்கள் என்று தெரியும். கேட்டுப் பார்க்கலாம் அல்லவா.

வகுப்பில் எல்லோரும் நலம். பென்சில் டப்பாவை மாற்றிவிட்டேன். மஞ்சள் டப்பா அலமாரிக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வண்டியை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணா,

‘அன்புள்ள தங்கைக்கு’, ‘நலம் அறிய ஆவல்’. யார் இந்தப் பெரிய மனிதர்? முந்தைய கடிதத்தை எழுதிய ஆள் எங்கே போனார்? எழுத்து வரிசை கட்டி நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஒரு வார்த்தை கூட உன் வாயிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

உனக்குச் சீமாட்டியைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல இத்தனை சுற்றா? தவளை இருந்தவரை மாதம் ஒருமுறை உன் பட்டறைக்கு வந்தேன். நீ அவள் வயிற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவளோடு பேசுவாய், நான் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது போய்விட்டதே என்று உனக்கு வருத்தம். எனக்கு மட்டும் இல்லையா? பல் டாக்டர் சாவியை வாங்கிக்கொண்ட அன்று நான் சாப்பிடவில்லை.

ஜூலையில் சமாதானமாகத்தான் வந்தேன். விற்ற கம்பெனி கொடுத்த இரண்டு டப்பாவையும் பையோடு கொண்டுவந்தேன், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். “எது எதுன்னு படிச்சுச் சொல்லட்டுமா?”ன்னு கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “நாப்பது வருஷமா மஞ்சள்தான் பிரேக். வண்டி புதுசுங்கறதுக்காக நான் புதுசாப் பொறக்க முடியாது.” பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் எத்தனை நாள் இந்தக் கோபம்?

என் காலைப் பற்றி உன்னை நம்பிச் சொன்னேன். அதைத் தெரிந்துகொண்டு, ‘வண்டியை எடுக்காதே’ என்கிறாய். உனக்கும் எனக்கும் இடையில் இருந்தது ஒரு முடிதிருத்துபவர் மட்டும்தான் என்று நினைத்தேன். தப்பு போலிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சூடு ஒரு சாண் தூரத்திலேயே தெரிகிறது. பெடல் காலையில் கல். நேற்று மாலை மட்டும் ஒரு முறை மெத்தென்று உள்ளே போய் வந்தது. மழை ஈரமாக இருக்கும்.

காவலாளியின் மனைவிக்கு இரண்டு நாளாகக் கால் வீக்கம். பதினேழு வளைவு. நான் ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவார்கள்? இருபதாம் தேதி கிளம்புகிறேன். அதற்கு முன் வலி வந்தால் அதற்கு முன்.

வாலு

*

ஆகஸ்ட் 16

வாலு வண்டியை எடுக்காதே

இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதைப் பிறகு படி. வண்டியை ஒரு அடி கூட நகர்த்தாதே. சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வை.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பேனா நிற்கவில்லை. அழித்துத் திருத்த எனக்கு நேரம் இல்லை, அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள் டப்பா பிரேக் ஆயில் இல்லை. அது ஸ்டியரிங் ஆயில். நீலம்தான் பிரேக். நீல டப்பா மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. பின்பக்கம் நம் மொழியில் சீட்டு ஒட்டியிருக்கிறது. கொட்டை எழுத்து. நான் படித்தேன். நான்தான் ஊற்றினேன். பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் எடுத்துவிட்டு முழுக்க அதை ஊற்றினேன்.

அந்த ஆயில் பட்டால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் ஊறிப் பருத்துவிடும். முதலில் பிரேக் விடாமல் பிடிக்கும். அதனால்தான் வண்டி கனக்கிறது, சக்கரம் சுடுகிறது. பிறகு ஒரு நாள் ரப்பர் பிய்ந்துவிடும். பெடல் தரைக்குப் போகும். நேற்று மெத்தென்று போனது என்று எழுதியிருக்கிறாய். அது ஈரம் இல்லை. அதுதான் ஆரம்பம்.

இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நீ மீண்டும் நம்பாமல் போவாய்.

எனக்கு ஏழு நாளாகத் தெரியும். ஒன்பதாம் தேதி உன் கடிதத்தில் ‘ரப்பர் தீய்ந்த வாடை’ என்று படித்ததும் அலமாரிக்குப் போனேன். இரண்டு டப்பாவையும் மடியில் வைத்து, விரலை ஓட்டிப் படித்தேன். நாலு முறை படித்தேன். படிக்கத் தெரியாமல் தப்பாகப் படிக்கிறேனோ என்று வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். சரியாகப் படித்தேன் என்று பாராட்டினார்கள். அத்தனை பேர் கை தட்டினார்கள். நான் டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆனால் உனக்கு எழுதும்போது சொல்ல வரவில்லை. வண்டி மேல் பழி போட்டேன். மூன்று முறை படி எடுத்து அழகாக எழுதினேன்.

ஜூலையில் நீ ‘படிச்சுச் சொல்லட்டுமா’ என்று கேட்டாயே, அன்று எனக்கே படிக்கத் தெரியும், வாலு. மெதுவாகத் தெரியும். உன் முன்னால் விரலை வைத்து எழுத்துக் கூட்டினால் குட்டு உடைந்துவிடும், கடிதம் எழுதி உன்னை அசத்த முடியாது என்று படிக்காமல் விட்டேன். ஊற்றும்போது வாடை வேறு மாதிரி இருந்தது. வண்டி புதிது, வாடையும் புதிது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன் அடித்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. இரண்டு டாக்ஸிக்காரர்களைக் கேட்டேன், சரிவைத் தாண்டி வரமாட்டோம் என்றார்கள். நான் ஓட்டக் கூடாது. ஓட்டிவிடலாம் என்று பல் டாக்டர் வீட்டு வாசல் வரை போய்த் தவளையைக் கேட்டேன். அவர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, உள்ள வந்து தண்ணி குடிங்க” என்றார். தவளை வயிறு அந்தக் கற்கள் மேல் போகாது என்று எனக்கும் தெரியும்.

ஜீப் செவ்வாய்தான் ஏறும். ஜீப்காரர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்கிறேன். பையில் போட வேண்டாம், உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்கிறேன். அதுவரை அந்தப் பெண்ணுக்கு வலி வரக் கூடாது. அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

நீ எங்கும் போகாதே

அண்ணன்

*

ஆகஸ்ட் 21

அண்ணா,

இதை எழுதும்போது என் கையும் நேராக இல்லை. கண்டுகொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே காவலாளியின் மனைவிக்கு வலி வந்துவிட்டது. மெத்தையை விரித்து அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். அவள் புருஷன் முன்னால் ஏறிக்கொண்டான். வலி விட்டு விட்டு வந்தது, துணி, ஊசி, குளுக்கோஸ் எல்லாம் கட்டி எடுக்கப் பத்து மணி ஆகிவிட்டது. சாவியைத் திருப்பிவிட்டேன். சீமாட்டி விசில் அடித்தாள். வாசலைத் தாண்டினால் இறக்கம், உனக்குத் தெரியும்.

அந்த நேரம் தபால் ஜீப் வாசலில் குறுக்கே வந்து நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஜீப்காரர் இறங்கி ஓடி வந்தார். “அக்கா, இதக் கையில குடுத்துட்டுத்தான் மத்த வேலைன்னு உங்க அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துட்டு வந்திருக்கேன், படிச்சிருங்க.”

ஸ்டியரிங் மேலேயே வைத்துப் பிரித்தேன். முதல் வரி கோட்டைத் தாண்டிக் கீழே ஓடியிருந்தது. இரண்டு இடத்தில் பேனா தாளைக் குத்திக் கிழித்திருந்தது. உன் அழகுக் கடிதத்தை நான் ஒரு வார்த்தை நம்பவில்லை, அண்ணா. இதை, என்ன எழுதியிருக்கிறாய் என்று முழுதாகப் படிக்கும் முன்னாலேயே நம்பினேன். என் அண்ணன் கை இப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நட்டு, போல்ட்டு, எதைப் பிடித்தாலும் அசையாத கை.

இன்ஜினை நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்த்தேன். முதல் முறை கல். இரண்டாம் முறை பாதி வரை போயிற்று. மூன்றாம் முறை தரையைத் தொட்டது. திரும்பி மேலே வரவில்லை.

காலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிசம்பரில் என் கால் கிடந்தது போல அது கிடந்தது.

பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள், “என்னக்கா, கெளம்பலையா?”

“வேற வண்டில போறோம்மா. இவ மூச்சு வாங்கறா.”

ஜீப்காரர் தபால் பைகளை எங்கள் வராந்தாவில் இறக்கினார். ஆள் ஏற்றினால் அவர் வேலை போய்விடும். “நான் ஒண்ணும் பாக்கலக்கா. ஏத்தினது ஆளா, பார்சலா?” என்றார். “பார்சல்தான். பிரிச்சா ரெண்டா வரும்” என்றேன். பதினேழு வளைவும் நான் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்காரர் பிரேக் பிடிக்கும் சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. மதியம் அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் நலம்.

ஜீப் உன் பட்டறை வாசல் வழியாகத்தான் போயிற்று. பின்பக்கத் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் போகும்போதும் பார்த்தேன், திரும்பி மலை ஏறும்போதும் பார்த்தேன். நீ வாசலில் முக்காலியில் உட்கார்ந்து மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், இல்லாவிட்டால் உன் மேல் விழுந்து அழுதிருப்பேன். இரண்டையும் தெருவில் வைத்துச் செய்ய எனக்கு மனமில்லை. அந்த ஏழு நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன். அவசரப்படுத்தாதே.

ஆனால் ஒன்று செய்தேன். அவள் அறுவை அறைக்குள் இருந்தபோது பெரிய டாக்டரிடம் போய் என் காலைக் காட்டினேன். ஒரு வருடம் நான் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். உன் கடிதம் சட்டைக்குள் இருந்தது, அந்தத் தைரியம்தான். முதுகைப் படம் எடுத்திருக்கிறார்கள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகுமாம். வலது காலுக்கும் வருமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன் பார்.

சீமாட்டி நாலு சக்கரத்துக்கும் கல்லை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வேறு யாரையும் தொடவிட மாட்டேன். பஸ் ஓட ஆரம்பித்ததும் ரப்பர் சாமான்களோடு நீ வா. ஆனால் நான் பக்கத்தில் நிற்பேன். நீ டப்பாவை எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் சத்தமாகப் படித்த பிறகுதான் மூடி திறக்க வேண்டும். வண்டிக்குள் இருந்த, நம் மொழியில் அச்சிட்ட விளக்கப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். வருவதற்குள் படித்துவை.

வாலு

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள வாலு,

எழுத்து இன்னும் கோட்டில் நிற்கவில்லை. இந்த முறை மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. படி எடுக்காமல் அனுப்புகிறேன்.

ஜீப்காரர் செவ்வாய் மாலையே நேராகப் பட்டறைக்கு வந்து சொன்னார். “எல்லாரும் நல்லா இருக்காங்க பெரியவரே, பொண்ணு பொறந்திருக்கு.” நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது. உன் எழுத்தும் கோணிக்கொண்டுதான் இருந்தது. நம்பினேன்.

அடி, அழு, இரண்டையும் செய். அவசரமே இல்லை.

அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கிப் படித்துவிட்டேன். முப்பத்தொன்று. இரண்டை இத்தனை காலம் வேறு எதுவோ என்று நினைத்திருந்தேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாற்பது வருடம், வாலு. நிறத்தைப் பார்த்து ஊற்றினேன், சத்தத்தைக் கேட்டுச் சரி என்றேன், சாவியைக் கொடுத்து அனுப்பினேன். எத்தனை பேர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் பழைய வண்டி ஏதாவது திடீரென்று பிரேக் பிடித்தால் இப்போது நான் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். பிறகு, நின்றுவிட்டதே என்று நிம்மதி. பல் டாக்டரைக் கூட வழியில் நிறுத்தித் தவளையைத் திறந்து பார்த்தேன். அவள் நலம். நான்காவது கியர் என்று ஒன்று இருப்பதையும் அவரிடம் சொல்லி வைத்தேன்.

உன் காலைப் பற்றி எனக்கு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. பயம் வேண்டாம் என்று எழுதலாம். பொய்யாகிவிடும். நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. டாக்டர் பேனாவை மூடியதற்கு ஒன்றும் அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம், மை தீர்ந்திருக்கலாம். முடிவு வாங்கும் நாளைச் சொல். ஆஸ்பத்திரி இங்கேதானே இருக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன். சீட்டில் எழுதியிருப்பதை இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம். எனக்குப் புரியாத சொல்லை நீ சொல், உனக்கு வாசிக்க மனம் வராத வரியை நான் வாசிக்கிறேன்.

விளக்கப் புத்தகம் கிடைத்தது. பிரேக் பகுதி மட்டும் பதினோரு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. இன்று நாலாம் பக்கம். அதில் ஒரு கட்டம் கட்டி, உள்ளே பெரிதாக ‘எச்சரிக்கை’ என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அது எனக்கு மிகவும் பழகிய வடிவம். பட்டறையில் எத்தனையோ டப்பாவில் பார்த்திருக்கிறேன். எல்லா டப்பாவிலும் இருக்கிறதே, யாரோ பெரிய கம்பெனிக்காரர் பெயர் போலிருக்கிறது என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மீண்டும் திறந்தேன். கட்டத்துக்குள் இருந்ததை முழுதும் படித்தேன், விரலை வைத்து, சத்தமாக.

அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் பதினோராம் பக்கம் வந்திருப்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் நீயும் எழுது. கோணலாக எழுது, பரவாயில்லை.

அண்ணன்